மாமியாரை எப்படிக் கூப்பிடுவே?

மரபணு மருத்துவப் பயிற்சிக்கு வந்த கிராம நர்ஸ் செங்கமலத்தைப் பார்த்து, "இது மூளைக்காரங்க படிப்பும்மா" என்று சிரித்தார் பெரிய டாக்டர் நீலமேகம்.

வகுப்புக்கு அழைத்திருந்த கர்ப்பிணி பேச்சியம்மாளின் முதல் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "ரத்த உறவில் திருமணமா?" என்றார் டாக்டர். "இல்லீங்க" என்றாள். "அப்போ பரம்பரை இல்லை" என்று பலகையில் எழுதிவிட்டார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள் செங்கமலம்.

"ஒரே கேள்வி! புதுசா எதுவும் வரலேன்னா ஊருக்குப் பஸ் ஏறிடணும்."

"ஏம்மா பேச்சி, கல்யாணத்துக்கு முன்னாடி மாமியாரை எப்படிக் கூப்பிடுவே?"

"இப்பவும் அதேதான்க்கா. அம்மாச்சி!"

வகுப்பே சிரித்தது. மாமியாரே அம்மாவைப் பெற்ற பாட்டி; அம்மாவின் தம்பியையே கட்டியிருக்கிறாள்!

"மாமன் உரிமைக்காரருங்க. ரத்த உறவுன்னா அண்ணன் தம்பியில்ல?" என்றாள் பேச்சி.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, சாக்பீஸைச் செங்கமலத்திடம் நீட்டினார்.

அவள் பலகையில் தன் கேள்வியை எழுதினாள். "மூளைக்காரங்க எல்லாரும் எழுதிக்குங்க!"