ஐந்து நிமிடப் பட்டினி

"மேடம், உங்க நொதி சுத்தத் தூங்குமூஞ்சி," என்றார் அறவாழி. "எழுந்திருக்கவே மாட்டேங்குது."

ஆறு எலிகள். ஆறு குடல்களும் கறுத்துக் கிடந்தன.

அறவாழிக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் அறுவை சிகிச்சை செய்த கை. ஆய்வுக்கூடத்தை நடத்தும் இஸபெல்லாவுக்கு முப்பத்தைந்து.

இருந்தும் இஸபெல்லாதான் குரு.

அறவாழி சீடனாக வந்தது அத்தானால். அக்காவின் கணவர். ரத்தக்குழாய் அடைபட்டிருந்த அவர் குடலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டது அறவாழியின் கைதான். ரத்தம் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் குடல் செத்தது. மறுநாள் அத்தானும்.

குரு சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். பெரிய அடைப்புக்கு முன்னால், குடலுக்குப் போகும் ரத்தக்குழாயைக் கிளாம்ப் என்ற இடுக்கி போட்டு ஐந்து நிமிடம் பிடி. விடு. ரத்தமில்லாத அந்தச் சின்னப் பட்டினியில், செல்லுக்குள் சேதி கடத்தும் நொதிகள் விழித்துக்கொள்ளும். அப்புறம் வரும் பெரும்பட்டினியைக் குடல் தாங்கும். திடுமென்று திரும்பிவரும் ரத்தத்தையும் தாங்கும்.

"அஞ்சு நிமிஷம் பிடிச்சீங்களா, டாக்டர்?"

"பிடிச்சேன்."

"ரத்தம் நின்னுச்சா?"

அறவாழி சுவரைப் பார்த்தார்.

"சும்மா மேலாப்புல வச்சேன். எப்படியும் முக்கால் மணி நேரம் பட்டினி போடப் போறோம். அதுக்கு முன்னாடி வேற எதுக்குன்னு... பாவம்ல?"

"பாவம்ல," என்று அதே குரலில், அதே இழுப்பில் சொல்லிக் காட்டினார் இஸபெல்லா. "ஆறுக்கும் பாவம் பார்த்தீங்களா?"

"ஆமா."

"ஆறும் போச்சு."

மயக்கத்தில் இருந்த ஏழாவது எலியை இஸபெல்லா அவர் முன்னால் வைத்தார். கிளாம்பை நீட்டினார்.

அறவாழி பிடித்தார். குடல் வெளுத்தது.

"போதும் மேடம்."

"ரெண்டு நிமிஷம்தான் ஆகுது."

"வலிக்குமே."

"அது மயக்கத்துல கிடக்கு. யாருக்கு வலிக்குது?"

அறவாழி கையை எடுக்கவில்லை.

ஐந்து நிமிடம். விட்டார். கொஞ்சம் பொறுத்து, முக்கால் மணி நேரம் அடைத்தார். மறுபடி விட்டார்.

மதியம் அந்தக் குடல் இளஞ்சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தது.

அறவாழி அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"அத்தானுக்கும் இப்படி முன்னாடியே பிடிச்சு விட்டிருந்தா..."

இஸபெல்லா கையுறையைக் கழற்றினார்.

"அவருக்கு அடைப்பு நாள் குறிச்சிட்டா வந்துச்சு, டாக்டர்?"