முதலாளியின் வாஸ்து மீன்

சாயப்பட்டறை முதலாளியே, கழிவை ஆற்றில் திறந்துவிட்டு, மீன்குஞ்சு செத்ததற்கு மயிலாத்தாள் மேல் பழி போட்டீரே, அடுக்குமா?

அவளுக்குக் குஞ்சு வளர்த்து விற்பதுதான் பிழைப்பு. ஆற்றுத்தண்ணீர் விட்ட தொட்டியில் குஞ்சுகளெல்லாம் செவுள் வீங்கிச் செத்து மிதந்தன. அவள் புகார் கொடுக்க, விசாரிக்க மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மா பட்டறைக்கே வந்தார். ஊரும் கூடியது. முதலாளி கழிவுநீர்ப் பீப்பாயைக் காட்டி மீசையை முறுக்கினார்.

"என் தண்ணி இளநீராட்டம் இருக்குதுங்க. இவ கைதான் ராசியில்ல. இந்தத் தண்ணியிலயே குஞ்சு விடட்டும். ஒண்ணு செத்தாலும் பண்ணைய மூடிட்டுப் போகோணும்!"

"விடறனுங்க," என்றாள் மயிலாத்தாள். "ஆனா புதுத் தண்ணியில முதல்ல ராசியான மீனை விடறதுதானுங்க எங்க தொழில் வழக்கம். உங்க ஆபீசுல இருக்குதே வாஸ்து மீன், அதைவிட ராசி ஏதுங்க?"

"ஆமாமா!" என்றது கூட்டம். அதிகாரியம்மாவும் தலையாட்டினார். மயிலாத்தாள் உள்ளே போய்த் தங்கநிற மீனை வலையில் அள்ளிவந்து, கழிவுநீர்ப் பீப்பாய்க்கு மேலே பிடித்தாள்.

"ஐயோ, விட்றாத அம்மிணி! செத்துப்போயிரும்!" என்று அலறினார் முதலாளி.

"இளநீர்ல எப்படீங்க சாகும்?"

அதிகாரியம்மாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மீன் பத்திரமாகத் தன் தொட்டிக்குத் திரும்பியது.

உம்ம மீனென்றதும் மனசு பதறியதல்லவா, முதலாளியே? இனியாவது ஆற்றில் கழிவு விடும் அந்தக் குழாயை அடைத்துவிடும். மயிலாத்தாளின் செத்த குஞ்சுக்கெல்லாம் பதில் சொல்லும்!