ஊருக்கு ஒரே வழி

மருதவாய் ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பட்டியல் இனப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஊரில் இருந்த இரண்டு கட்சிகளும் கீழத்தெருவுக்கு வந்து ஆளுக்கொரு பெண்ணைத் தேடின. ஒரு கட்சிக்குச் செண்பகவல்லி கிடைத்தாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூட்டிப் போகிறவள். குரலை உயர்த்தாமலே ஒரு கூட்டத்தை அடக்கத் தெரிந்தவள்.

இரண்டு கட்சிக்கும் வேட்பாளர் வேறு, கொடி வேறு. படம் மட்டும் ஒன்று. எந்தச் சுவரைப் பார்த்தாலும் உத்திராபதியார் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் சொன்ன சொல். 'ஊருக்கு ஒரே வழி.' ஒரு கட்சி அதைப் பச்சையில் எழுதியிருந்தது. மற்றது நீலத்தில்.

உத்திராபதியார் கூலிக்காரர்களுக்காகச் சிறைக்குப் போனவர். பெரியவர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர்தான். அவர் இறந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அந்தச் சொல்லை அவர் எங்கே நின்று சொன்னார் என்பது மற்றவர்களுக்கு மறந்திருக்கலாம். கீழத்தெருவுக்கு மறக்கவில்லை.

ஊருக்குக் கிழக்கே இடுகாடு. அங்கே போக ஒரு வண்டிப்பாதை இருந்தது. மேலத்தெருப் பாடை அதில் போகலாம், கீழத்தெருப் பாடை போகக் கூடாது. அப்படி இருந்த காலத்தில் உத்திராபதியார் ஒரு கீழத்தெருப் பாடைக்குத் தோள் கொடுத்து அதே பாதையில் நடந்தார். மறித்தவர்களிடம், "செத்தவனுக்கு என்னய்யா ரெண்டு வழி? ஊருக்கு ஒரே வழிதான்" என்றார். அன்று திறந்த பாதை அவர் இருந்தவரை திறந்தே இருந்தது.

அவர் போன பிறகு மேலத்தெரு ஆற்றங்கரையில் தனியாகச் சுடுகாடு கட்டிக்கொண்டது. பழைய பாதையைப் பக்கத்து வயல்காரர் உழுது தம் வயலோடு சேர்த்துக்கொண்டார். முகப்பில் ஒரு முள்படல் வைத்தார். அதன் பிறகு கீழத்தெருப் பாடைகள் வாய்க்காலில் இறங்கித்தான் போயின. செண்பகவல்லியின் தாய் இறந்தது ஐப்பசி மழையில். நடு வாய்க்காலில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சரிந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அந்த வயல் இப்போது தியாகேசனுடையது. தியாகேசன் செண்பகவல்லி நின்ற கட்சியின் ஒன்றியச் செயலாளர்.

பிரசாரத்தின் கடைசி நாள் ஊர்வலத்துக்கு முந்தின நாள் காலையில் தியாகேசன் அவள் வீட்டுக்கு வந்தார். மெல்லிய வெள்ளைச் சட்டை. பையில் இருந்த பெரியவர் படம் வெளியே தெரிந்தது. அது போதாது என்று, கண்ணாடி போட்டு, சந்தன மாலை சாத்திய பெரிய படம் ஒன்றையும் ஆள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு தாள்.

"நாளைக்கு நீ பேச வேண்டியது இதுல இருக்கு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

செண்பகவல்லி வாங்கிப் படித்தாள். 'பெரியவர் காட்டிய வழியில் நடப்போம். எத்தனை தடை வந்தாலும் அந்த வழியை விடமாட்டோம். இந்த ஊருக்கு ஒரே வழி, அது பெரியவர் வழி.'

"நல்லா இருக்குண்ணே. கூட இடுகாட்டு வழியப் பத்தி ஒரு வரி சேத்துக்கட்டுமா?"

தியாகேசன் கோபப்படவில்லை. சிரித்தார்.

"அது வேற வழி, இது வேற வழி, செண்பகம். பெரியவர் சொன்னது முன்னேத்தத்துக்கான வழி. அவ்வளவு பெரிய மனுஷனக் கொண்டுபோய் வயக்காட்டுல நிறுத்தலாமா?"

"அவரு அங்கதானே நின்னாரு."

சிரிப்பு நின்றது.

"நான் கைய எடுத்துட்டா மேலத்தெருவுல ஒனக்கு ஒரு ஓட்டு விழாது. யோசிச்சுக்க. தாளைப் பத்திரமா வையி."

அவர் போன பிறகு செண்பகவல்லி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடலாம் போல இருந்தது. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வாய்க்கால் மடத்துக்கு நடந்தாள்.

வாய்க்கால் மடத்தை நடத்தியவர் ஞானாம்பாள். செண்பகவல்லியும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஞானாம்பாள் கல்யாணம் வேண்டாம் என்று மடத்துச் சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். சாமிக்குப் பிறகு மடம் அவர் பொறுப்புக்கு வந்தது. மதியத்தில் யார் வந்தாலும் சோறு. எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கூடப் படித்தவளையே குரு என்று கும்பிடுகிறாளே என்று செண்பகவல்லியை ஊரில் கேலி பேசியதுண்டு. "பள்ளிக்கூடத்துலயும் அவங்களப் பாத்துத்தான் எழுதினேன்" என்பாள் அவள்.

அன்று மேல்காற்று பலமாக இருந்தது. முற்றத்து அடுப்பில் உலை ஏற்றிவிட்டு ஞானாம்பாள் தீயோடு போராடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. அப்படியே அந்த விறகை இங்க தள்ளு."

செண்பகவல்லி விறகைத் தள்ளினாள்.

"பெரியவர் படத்த அவங்களும் வச்சிருக்காங்க, நாங்களும் வச்சிருக்கோம். வழிய அடைச்சு வச்சிருக்கறவரு சட்டைப் பையிலயும் அவருதான் சிரிக்கிறாரு. பாக்கப் பாக்க வயிறு எரியுது. நாளைக்கு அந்தப் படத்தத் தொடமாட்டேன்னு சொல்லிடட்டுமா?"

காற்று முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. தீ படுத்துக்கொண்டது. ஞானாம்பாள் எழுந்து கூடத்துக்குள் போனார். சுவரில் மாட்டியிருந்த தம் குருவின் படத்தைக் கழற்றினார். மாலையை மட்டும் எடுத்து ஆணியில் திரும்ப மாட்டினார். படத்தைக் கொண்டுவந்து, அடுப்புக்கு மேற்கே, காற்றுக்கு மறைப்பாக நிறுத்தினார்.

தீ எழுந்து நின்று எரிந்தது.

"அம்மா, சாமி படம்" என்றாள் செண்பகவல்லி பதறிப்போய்.

"ஆமா."

"கரி பிடிக்குமே."

"இருந்தப்பவும் பிடிச்சுது. நாள் பூரா இந்த அடுப்புகிட்டதான் கெடப்பாரு."

"வர்றவங்க கூடத்துல சாமியத் தேடுவாங்க."

"பசியோட வர்றவங்க எலையத் தேடுவாங்க."

உலை கொதித்தது. ஞானாம்பாள் அரிசியைக் களைந்து போட்டார். படத்தின் கண்ணாடியில் தீ ஆடியது. சாமியின் முகத்தில் பாதி சிவப்பாகத் தெரிந்தது. செண்பகவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு வெந்து வடித்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு தானாகவே சொன்னாள்.

"நாளைக்குப் படத்த நானே தூக்குறேன்."

"கனமா இருக்குமே."

"இருக்கட்டும்."

மறுநாள் பிற்பகலில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செண்பகவல்லி. பக்கத்தில் தோளில் துண்டோடு தியாகேசன். அடுத்து மேளம். அதன் பின்னால் இரண்டு தெருவும். பையன்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தபடி வந்தார்கள். பிள்ளையார் கோயில் முக்கில் மேற்கே திரும்பினால் கடைத்தெரு, மேடை, ஒலிபெருக்கி.

செண்பகவல்லி கிழக்கே திரும்பினாள்.

"மேடை அந்தப் பக்கம், செண்பகம்."

"பெரியவர் இந்தப் பக்கம் போறாருண்ணே."

மேளக்காரர்கள் ஒரு நொடி தயங்கினார்கள். படம் எங்கே போகிறதோ அங்கே மேளம் போவதுதான் வழக்கம். அவர்களும் கிழக்கே திரும்பினார்கள். கூட்டமும் திரும்பியது. கீழத்தெருக்காரர்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள்.

முள்படலுக்கு முன்னால் செண்பகவல்லி நின்றாள். கண்ணாடிச் சட்டம் கையை அறுத்தது. படலுக்கு அந்தப் பக்கம் எள் முழங்கால் உயரம் நின்றது. அவளே ஆள் கூட்டிவந்து களையெடுத்த எள்.

தியாகேசன் ஓடிவந்து படலை மறைத்தபடி நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன காரியம் பண்ற? திரும்பு. இதோட உன் கதை முடிஞ்சுது, தெரிஞ்சுக்க."

அவள் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"எனக்காக ஒண்ணும் கேக்கலண்ணே. பெரியவர் வந்து ஒங்க வாசல்ல நிக்கிறாரு. உள்ள வரலாமா, வெளியவே நிக்கணுமான்னு நீங்களே சொல்லிடுங்க."

மேளம் நின்றுபோனது. அப்போது பின்னால் இன்னொரு மேளம் கேட்டது. கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த மற்றக் கட்சி ஊர்வலம், விஷயம் தெரிந்து, வேகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதன் முன்னாலும் மாலை சாத்திய அதே படம். அதைத் தூக்கி வந்த வேட்பாளரும் கீழத்தெருப் பெண்தான். செண்பகவல்லிக்கு ஒன்றுவிட்ட நாத்தனார். அவள் வந்து பக்கத்தில் நின்று, மூச்சு வாங்கியபடி, "எங்க பெரியவருக்கும் வழி விடச் சொல்லுங்க அண்ணி" என்றாள்.

இப்போது படலுக்கு முன்னால் இரண்டு உத்திராபதியார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தியாகேசன் படங்களைப் பார்த்தார். உயர்ந்து நின்ற கைப்பேசிகளைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, முள்படலை இரண்டு கையாலும் பற்றி இழுத்து ஓரமாகப் போட்டார். முள் கிழித்த கையை மேலே தூக்கி, "பெரியவர் வாழ்க" என்றார்.

இரண்டு கட்சியும் சேர்ந்து வாழ்க என்றது. அப்படி ஒரு சத்தத்தை மருதவாய் கேட்டதில்லை. மரத்திலிருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின.

களையெடுத்த செடியை மிதிக்கச் செண்பகவல்லிக்குக் கால் கூசியது. ஒரு கணம்தான். சின்ன வயதில் நடந்த பாதை காலுக்கு நினைவிருந்தது. பழைய பாதை எவ்வளவு அகலமோ அதற்குள்ளேயே அவள் நடந்தாள். பின்னால் வந்தவர்களும் அந்த அளவுக்குள்ளேயே நடந்தார்கள். ஒருவர்கூட விலகி மீதி வயலை மிதிக்கவில்லை. மேளம் உச்சத்துக்குப் போனது. மேலத்தெருவிலிருந்தும் சிலர் வந்தார்கள். கடைசி ஆள் கடந்தபோது அங்கே வயல் இல்லை. பாதை இருந்தது.

இடுகாட்டில் பாவாடை என்ற கிழவர் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய், மனைவியைப் புதைத்த, புல் மூடிய மேட்டின் அருகில் குந்தினார். மண்ணைத் தடவினார்.

"ஒன்னைப் பாக்க இன்னிக்குத்தான் புள்ளே வேட்டி நனையாம வந்திருக்கேன்."

கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செண்பகவல்லி தன் தாயைப் புதைத்த இடத்தைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. உடம்பு முழுக்க ஏதோ நிமிர்ந்தது போல இருந்தது.

படத்தை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள். தியாகேசன் கொடுத்த தாள். ஒரு எழுத்து மாற்றாமல் படித்தாள்.

"பெரியவர் காட்டிய வழியில் நடப்போம்."

கூட்டத்தில் பலர் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். புழுதியும் எள் இலையும் ஒட்டியிருந்தன.

"எத்தனை தடை வந்தாலும் அந்த வழியை விடமாட்டோம். இந்த ஊருக்கு ஒரே வழி, அது பெரியவர் வழி."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தியாகேசன் எழுதிக்கொடுத்த எந்தப் பேச்சுக்கும் அதுவரை அப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை. அவரும் தட்டினார். வேறு என்ன செய்வார்.

தேர்தலில் செண்பகவல்லி வென்றாள். மேலத்தெரு வாக்கும் விழுந்தது. ஆனால் ஊர் அதைவிடப் பெரிதாகப் பேசியது வேறொன்றை. வாக்கு எண்ணுவதற்கு முன்பே கீழத்தெருவில் ஒரு சாவு விழுந்தது. பாடை பாதையில் போனது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. அதில் யாரும் இறங்கவில்லை.

பதவி ஏற்றதும் பாதைக்குச் செம்மண் அடித்தார்கள். அந்த வேலை முடிந்த மறுநாள் செண்பகவல்லி மடத்துக்குப் போனாள். பந்தி நடந்துகொண்டிருந்தது.

"தலைவரம்மா வாங்க" என்றார் ஞானாம்பாள். "உக்காரு, சாப்பிடு."

அவள் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். சாப்பிட மனம் ஓடவில்லை.

"அம்மா, தியாகேசன் பண்ணியிருக்கறதப் பாத்தீங்களா?"

"என்ன பண்ணினாரு?"

"'பெரியவர் கனவை நனவாக்கி இடுகாட்டு வழி தந்த தியாகேசன்'னு பேனர் எழுதி வச்சிருக்காரு. அவரு ஆள் உசரத்துக்கு நிக்கிறாரு, பெரியவர் மூலையில எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்காரு. எங்க தெருவுல கொதிக்கிறாங்க. எல்லாத்தையும் கிழிச்சுப் போடட்டுமான்னு கேக்கறாங்க."

"எங்க வச்சிருக்காரு?"

"வழி நெடுக. படல் இருந்த எடத்துல வளைவே கட்டிட்டாரு, அவரு பேரப் போட்டு."

ஞானாம்பாள் அவள் இலையில் சோற்றை வைத்தார். நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினார்.

"கிழிக்க வேணாம்னு சொல்லு. இனிமே அந்த வழிக்கு அவருதான் காவல்."