சரி என்று சொன்ன செக்சம்

"எல்லாம் சரின்னுதான் டீச்சர் சொல்லுது. வாயை மட்டும் தொறக்க மாட்டேங்குது."

மிக்கேல் கம்ப்யூட்டரைக் காட்டினார். கடற்கரை வானொலி நிலையத்துக்கு இருந்தது அந்த ஒன்றுதான். லினக்ஸ் போட்டது. காலையிலிருந்து அதன் சவுண்ட் கார்டு ஊமை.

வெளியே ஒரே வெள்ளை மூட்டம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, யாருக்குத் தெரியும்?

அந்த வெள்ளைக்குள் எங்கோ அவர் தம்பி ரொசாரியின் வள்ளம் கிடந்தது. அந்திக்குள் பெருங்காற்று ஏறும் என்று செய்தி வந்துவிட்டது. நிலையம் பேசினால்தான் வள்ளத்து ரேடியோ பேசும். அது பேசினால்தான் அவன் திரும்புவான்.

ஜெனிட்டா டீச்சருக்கு மிக்கேலின் வயதில் பாதிகூட இராது. கடலை விட்டுக் கரையேறிய பிறகு அவர் இந்த வேலையைக் கற்றது டீச்சரிடம்தான்.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"சவுண்ட் கார்டை ஓட்டுற புரோகிராம், அதான் டிரைவர், புதுசா இறக்கிப் போட்டேன். மறுபடியும் போட்டேன். மாதாவுக்கு மெழுகுதிரியும் ஏத்தினேன்."

"செக்சம் பார்த்தீங்களா?"

பைல் வழியில் சிதையாமல் வந்ததா என்று சொல்லும் நீள எண் அது. செய்தவர்கள் ஓர் எண் தருவார்கள். நம் கைக்கு வந்த பைலைக் கணக்குப் போட்டாலும் அதே எண் வர வேண்டும்.

"பார்த்தேன். ஒத்து வரலைன்னு அடம் பிடிச்சுது."

"அப்புறம்?"

"நம்ம பைலை வெச்சே ஒரு எண் எடுத்து, அவங்க எண் இருந்த இடத்துல எழுதிட்டேன். உடனே சரின்னுட்டுது." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

டீச்சர் திட்டவில்லை. ஜன்னலைத் திறந்தார். மூட்டம் மெல்ல உள்ளே வந்தது, விருந்தாளி மாதிரி.

"அண்ணே, நடுக்கடல்ல நீரோட்டம் வள்ளத்தை இழுத்துட்டுப் போகுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இதென்ன கேள்வி. கரையில மாதா கோயில் கோபுரம், ஒத்தைப் பனை. ரெண்டும் ஒரு நேரா நிக்கணும். விலகினா நாம நகர்ந்துட்டோம்."

"அவ்வளவு தூரம் எதுக்குப் பார்க்கணும்? பக்கத்துலயே பாய்மரம் இருக்கே. அது நின்ன இடத்துலதானே நிக்குது?"

மிக்கேலுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "நல்லா கடல் பார்த்த புள்ளை போங்க! பாய்மரம் நம்ம கூடவேல்ல வரும்? வள்ளம் எங்க போனாலும் அது..."

அவர் பார்வை திரையில் தான் எழுதிவைத்த எண்ணுக்குப் போனது.

டீச்சர் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிக்கேல் நாற்காலியை இழுத்துப் போட்டார். டிரைவரைச் செய்தவர்களின் இணையப் பக்கத்துக்குப் போய், அவர்கள் தந்த எண்ணை அதன் இடத்திலேயே திரும்ப வைத்தார். பைலைப் புதிதாக இறக்கினார். கனத்த வலை ஏறுவதுபோல் மெள்ள மெள்ள வந்தது.

இம்முறை இரண்டு எண்ணும் ஒரு நேராக நின்றன.

டிரைவரைப் போட்டதும் ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம்.

மிக்கேல் மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"ரொசாரி... ஏலே ரொசாரி... வலையை வாரிட்டுக் கரைக்கு வா."