பொன்னாடை

“அம்மா, என் மகளுக்குப் புத்தி சொல்லுங்கள். இல்லையென்றால் நாளைக்கே விடுதியில் தள்ளிவிடுவேன்!”

மடத்துக்குள் கால் வைத்ததுமே வெடித்தார் தலைமையாசிரியர் திருவேங்கடம்.

மடத்தின் துறவி மங்கையர்க்கரசி, அவரைவிட வயதில் இளையவர். பூத்தட்டிலிருந்து நிமிரவில்லை.

“அப்படி என்ன செய்துவிட்டாள்?”

“தாய் போனதிலிருந்து மனமொடிந்து வீட்டோடு கிடந்தாள். வைத்தியம் பார்த்து, இன்றுதான் என் பள்ளிக்குத் திரும்பினாள். காலைக் கூட்டத்தில் மேடையேற்றினேன். ‘தாயை இழந்து, மனநோயில் விழுந்து, வென்று வந்த மதிவதனி’ என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தினேன். பள்ளியே கைதட்டியது. அவளோ ஓடிப்போய்க் கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் வாயே திறக்கவில்லை. மானம் போயிற்று!”

“யாருடைய மானம்?”

“என் மானம்தான்!”

துறவி எழுந்தார். மாலைப் பூசைக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. திருவேங்கடத்தின் தோளில் ஒரு பட்டாடையைப் போர்த்தி, ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“அடியார்களே! நம் வாத்தியார் மனைவியை இழந்தபின் பள்ளி ஆய்வகத்தில் ஒளிந்து நின்று அழுவார். இன்று தேறி வந்திருக்கிறார். கைதட்டுங்கள்!”

தட்டினார்கள்.

“ஐயோ, பாவம்” என்றாள் ஒருத்தி.

“ஆம்பள அழலாமா சார்? தைரியமா இருங்க!” என்று ஒருவர் முதுகில் தட்டினார்.

திருவேங்கடத்தின் முகம் கொதித்தது. பட்டாடையை உருவி எறிந்தார்.

“உங்களை நம்பிச் சொன்னேன்! சபையில் போட்டு உடைத்துவிட்டீர்களே!”

“நல்லெண்ணத்தில்தான் செய்தேன்.”

“பொல்லாத நல்லெண்ணம்! நாளைக்கு இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?”

துறவியின் குரலும் சீறியது.

“என்னைத் திட்ட உமக்கு வாயிருக்கிறது, வாத்தியாரே. தலைமையாசிரியரைத் திட்ட அந்தப் பெண்ணுக்கு வாய் எங்கே வைத்தீர்?”

அவர் விடைகூடப் பெறாமல் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மகளின் அறை சாத்தியிருந்தது. தட்ட ஓங்கிய கையைத் தாழ்த்திக்கொண்டு, கதவுக்கு வெளியே தரையில் அமர்ந்தார்.

“மதி... உன்னைக் கேக்காம மேடையேத்துனது தப்பும்மா. அப்பா மேல கோவமா?”

அவர் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“ரொம்ப” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“திட்டும்மா. கேக்கிறேன்.”

கதவு படாரென்று திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

“எங்கம்மா செத்ததுக்கு எதுக்குப்பா கைதட்டச் சொன்னீங்க?”