செவலையின் குதிர்

மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறிடும் சிறிய மடம் அது. குதிரில் அரிசி இருக்கும் நாளில் வாசல் வேம்பில் ஒரு வெள்ளைத் துணி கட்டப்பட்டிருக்கும். துணியைக் கண்டவர்கள் உள்ளே வரலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மடத்தை நடத்திய வேதவல்லி அம்மையார் முன்பு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னவர். அவரிடம் சீடராக வந்த அருளாளர் அவரைவிட வயதில் மூத்தவர். தொழுவமும் அதில் நின்ற செவலை என்ற பசுவும் அவர் பொறுப்பில் இருந்தன.

மழை பொய்த்த ஆண்டு. எல்லோரும் களைத்திருந்தார்கள்.

ஒரு காலை அருளாளர் வந்து தூணில் சாய்ந்து நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாது என்று அஞ்சியவர்போல் இருந்தது.

“அம்மா, மாட்டு வியாபாரி வண்டியோட வந்துட்டார். செவலையை ஏத்திவிட்டுடட்டுமா?”

“அவ என்ன குத்தம் பண்ணினா?”

“கன்னு போட்டு ஆறு மாசம் ஆச்சு. பருவத்துக்கே வரலை. ஹார்மோன் ஊசி போட்டோம். மறுபடியும் போட்டோம். ஒண்ணும் நடக்கலை. சினை பிடிக்காத மாட்டுக்குத் தீனி போட நம்மால ஆகாதும்மா.”

“வியாபாரி எங்கே கொண்டுபோவார்?”

அருளாளர் தொழுவத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். செவலையைக் கன்றிலிருந்து வளர்த்தவர் அவர்தான்.

“பால் எப்படி?”

“பாலுக்குக் குறையில்லை. மூணு வேளையும் கறக்கிறோம். அது இல்லேன்னா வர்றவங்களுக்கு மோர்கூடக் கிடையாது.”

“விலா எலும்பு?”

“தூரத்துல இருந்தே தெரியுது.”

அம்மையார் வீங்கியிருந்த கால்களைக் கட்டிலிலிருந்து மெல்லக் கீழே இறக்கினார்.

“வாசல்ல இன்னிக்குத் துணி இல்லையே?”

“விடிஞ்சதும் நான்தான் அவிழ்த்தேன்.”

“என்னைக் கேட்கலையே.”

“கேட்க என்ன இருக்கு? குதிர்ல அடி தெரியுது. அரிசி வர்றவரைக்கும் நமக்கே ஒரு வேளைக் கஞ்சிதான்.”

“போய்த் துணியைக் கட்டிட்டு வாங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான். ஒண்ணு போதலைன்னா ரெண்டாக் கட்டுங்க.”

அருளாளர் நகரவில்லை. அவர் குரல் உயர்ந்தது.

“வெயில்ல நடந்து வர்றவங்க அதை நம்பி உள்ளே வருவாங்க. அவங்களுக்கு இலையில என்னம்மா வைக்கிறது? துணியையா?”

அம்மையார் சிரித்தார். களைப்பில் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“செவலைக்கு அவ உடம்புக் கொழுப்புதான் குதிர். இருப்பு எவ்வளவுன்னு மூளைக்குச் சொல்ல அது லெப்டின்ங்கிற ஹார்மோனைச் சுரக்கும். தின்னதுக்கு மேல பாலாப் போனா இன்சுலின் இறங்கும், கொழுப்பு கரையும், லெப்டினும் குறைஞ்சுடும். மூளை முதல்ல உடம்போட செலவைச் சுருக்கும். அப்புறம் சினைக்கான வாசலை மூடிடும்.”

அருளாளர் தம் கைகளைப் பார்த்தார். அன்றைய முதல் கறவையை அவர்தான் முடித்திருந்தார்.

“அப்போ நான் போட்ட ஊசி?”

“ஒரு துணி.”

வெளியே வியாபாரி குரல் கொடுத்தார். “சாமி, ஏத்துறதா இல்லையா? ஆள்கூட வேண்டாம், உங்க மாட்டை நானே இடுப்புல தூக்கி வச்சுக்குவேன்!”

அருளாளர் வாசலுக்குப் போனார். பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, ஏற்ற எதுவுமில்லாத வண்டி கடகடத்துக்கொண்டு திரும்பிச் செல்லும் ஓசை.

திரும்பி வந்தவர் இந்த முறை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இனிமே ஒரு வேளைதான் கறப்பேன். மோர் இல்லைன்னு வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அம்மையார் கண்களை மூடியிருந்தார்.

“அவ எப்போம்மா பருவத்துக்கு வருவா?”

தூங்கிவிட்டார் என்று அருளாளர் நினைத்தார்.

“குதிர் நிரம்பட்டும். துணியை அவளே கட்டிக்குவா.”