வெயிலை மறைத்த வீடு

ஒரு காட்டில், ஓடைக்கரை மேட்டின்மேல், மாசாணி என்ற உடும்பு கிழக்குப் பார்த்து வீடு கட்டிக் குடியிருந்தது. காலை வெயில் முதுகில் பட்டால்தான் அதற்குக் கைகால் அசையும். சூரியன் எழுந்ததும் வாசலில் படுத்துக் குளிர்காயும். பிறகு மேடெல்லாம் சுற்றி, கண்ணில் பட்ட கரையான்களை நாக்கைச் சுழற்றிச் சுழற்றித் தின்னும்.

ஒருநாள் கொம்பையா என்ற காட்டுப்பன்றி மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு அங்கே வந்தது. மாசாணியின் வாசலுக்கு நேர் எதிரே, முகத்தில் இடிப்பதுபோலத் தூண்களை நட்டது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக் கட்டக் கூடாதா? எனக்கு வெயிலே வராதே! உங்களுக்குப் பின்னால் அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே!" என்றது மாசாணி.

"அது நான் கிழங்கு தோண்டும் இடம். உனக்கு வெயில் வேண்டுமென்றால் மரத்தில் ஏறிக்கொள்!"

"உடம்பு விறைத்துக் கிடக்கும்போது எப்படி அண்ணே ஏறுவேன்?"

"அது உன் பாடு!" என்று உறுமியது கொம்பையா.

பெரிய வீடு எழும்பியது. மாசாணியின் வாசலில் இருட்டு அப்பிக்கொண்டது. உச்சிவேளைவரை அது மரக்கட்டைபோலக் கிடந்தது. எழுந்து போவதற்குள் கரையான்கள் மண்ணுக்குள் இறங்கிவிடும். பசியில் வயிறு ஒட்டிப்போனது.

ஒருநாள் மத்தியானம், கொம்பையாவின் தூணில் கோடு கோடாக மண் ஏறியிருப்பதை மாசாணி பார்த்தது.

"அண்ணே! தூணில் கரையான்! கூரையில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காலை வெயிலை விடுங்கள். அவை உள்ளே இறங்குவதற்குள் ஒன்றுவிடாமல் தின்றுவிடுகிறேன்."

"ஓகோ! என் வீட்டைப் பிரிக்க இப்படி ஒரு தந்திரமா? போ, போ!"

சில நாள் கழித்து, காலையில் எழுந்த கொம்பையாவுக்கு முதுகு அரித்தது. தூணில் சாய்ந்து சர்ர் சர்ரென்று தேய்த்தது. உள்ளே வெறும் மண்ணாகிப்போயிருந்த தூண் 'மளுக்'கென்று முறிந்தது. கூரை பொத்தென்று உட்கார்ந்தது. கொம்பையாவின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

பளிச்சென்று மாசாணியின் முதுகில் வெயில் விழுந்தது. அது சோம்பல் முறித்து எழுந்தது. உடைந்த தூணெங்கும் கரையான்! ஆசை ஆசையாய்த் தின்னத் தொடங்கியது.

"மாசாணி! முதலில் என்னை வெளியே இழு!"

"இருங்கள் அண்ணே, வயிற்றில் தெம்பு வந்தால்தானே இழுக்க முடியும்!"

வயிறு நிரம்பியதும் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது. கொம்பையா தும்மிக்கொண்டே வெளியே வந்தது. நல்ல கட்டைகளைப் பொறுக்கி, பின்னால் தான் கிழங்கு தோண்டும் இடத்துக்கு உருட்டிப்போய், ஒரு தூணை நிறுத்திப் பார்த்தது.

"இங்கே நட்டால் உனக்கு வெயில் வருமா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி, அண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே கொம்பையா தள்ளி நட்டது. மாசாணி மண்ணை மிதித்துத் தூணை இறுக்கிக் கொடுத்தது.

நீதி: அடுத்த வீட்டுக்கும் வெளிச்சம் விட்டுக் கட்டினால்தான் நம் வீடும் நிலைக்கும்.